மூடுமுன் சுவரைப் பார்த்தவர்கள்: அம்மாபேட்டைப் பழைய வீட்டில் ஒரு வெப்பத்தடுப்புப் பணி

சேலம் அம்மாபேட்டையில், என் தாத்தா 1950-களில் கட்டிய தறிவீட்டில் நாங்கள் வசிக்கிறோம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய பதினான்கு அங்குலச் சுவர்கள், முன்கட்டில் தேக்கு உத்திரங்களின்மேல் மெட்ராஸ் ஒட்டுத்தளம், பின்கட்டில் பின்னாளில் இறக்கிய சிமெண்ட் ஷீட் சார்ப்பு. மேற்குப் பார்த்த அறையில் எழுபத்து நான்கு வயதான என் அம்மா படுக்கிறார். ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. பிற்பகல் முழுவதும் வெயிலைக் குடிக்கும் அந்தத் தடித்த சுவர் நள்ளிரவு வரைக்கும் அதை அறைக்குள் உமிழ்ந்துகொண்டே இருக்கும். இரவு பதினொரு மணிக்குச் சுவரில் கை வைத்தால், அப்போதுதான் இறக்கி வைத்த தோசைக்கல்லின் பக்கத்தில் நிற்பதுபோல் இருக்கும். ஏசி பொருத்தி, மேற்குச் சுவருக்கு உட்புறம் வெப்பத்தடுப்பும் செய்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

முதலில் வந்த ஒப்பந்ததாரரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் டேப்பைப் பிடித்து நீள அகலம் எடுத்தார், தெர்மாகோல் அட்டை ஒட்டி மேலே ஜிப்சம் போர்டு அடித்து நான்கே நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார், பத்து நிமிடத்தில் விலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சுவரில் என்ன இருக்கிறது, அதற்குள் என்ன ஓடுகிறது என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அடிப்பகுதியில் காரை பொரிந்து உப்புப் பூத்திருந்ததைக் காட்டியபோது, "போர்டு போட்டா அதெல்லாம் மறைஞ்சிடுங்க" என்றார். மறைந்துவிடும் என்ற அந்தச் சொல்தான் என்னைத் தயங்க வைத்தது. உறவினர் ஒருவர் சொல்லி, முன்னாய்வு செய்யாமல் வேலையைத் தொடாத இன்னொரு சிறு குழுவை அழைத்தோம். இந்த மதிப்புரை அவர்களுடைய சேவையைப் பற்றியது. அவர்களிடமும் குறைகள் இருந்தன என்பதாலும், அவற்றையும் நான் சொல்ல வேண்டியிருப்பதாலும், அவர்கள் பெயரையும் தவிர்க்கிறேன்.

சென்ற ஆண்டு தை மாதம், பொங்கல் கழிந்த வாரத்தில் ஓர் இளம் பொறியாளரும், அரசு உரிமம் பெற்ற ஒரு மின் பணியாளரும், ஓர் உதவியாளரும் வந்தார்கள். ஆய்வுக்கு 7,500 ரூபாய் தனிக்கட்டணம். வேலையை அவர்களிடமே கொடுத்தால் அதில் பாதியைக் கழித்துக்கொள்வார்கள். பார்ப்பதற்கே பணமா என்று எனக்கு முதலில் உறுத்தியது உண்மை. அவர்கள் வந்த அரை மணி நேரத்தில் அந்த உறுத்தல் போய்விட்டது, ஏனென்றால் மின் பணியாளர் கருவிப் பையைத் திறப்பதற்கு முன்பு என் அம்மாவிடம்தான் உட்கார்ந்து பேசினார்.

"அம்மா, இந்தச் சுவத்துல கை வெச்சா எப்பவாச்சும் சுருக்குன்னு இருந்திருக்குங்களா?"

"மழைக்காலத்துல ஈரத்துணி பட்டா இருக்கும் தம்பி. பழைய வீடு, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார் அம்மா.

இத்தனை ஆண்டுகளில் அதை அவர் எங்கள் யாரிடமும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அந்தச் சுவரின் சுவிட்சுப் பெட்டியைத் திறந்தபோது காரணம் தெரிந்தது. தாத்தா காலத்தில் மரப்பட்டியின்மேல் கிளிப் அடித்து ஓட்டிய ரப்பர் உறை வயர், அதன்பின் 1980-களில் காரைக்குள் குழாய் புதைத்து இழுத்த அலுமினிய வயர், பின்னர் என் தம்பி அறைக்காக நாங்களே இழுத்த செம்பு வயர் என்று மூன்று தலைமுறை வயரிங் ஒரே பெட்டியில் சேர்ந்திருந்தது. ரப்பர் உறையைத் தொட்டதும் அது காய்ந்த வேப்பம்பட்டை போலச் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. பெட்டிக்கு ஓரடி மேலே காரையைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தபோது, இணைப்புப் பெட்டி எதுவும் இல்லாமல் அலுமினியத்தையும் செம்பையும் வெறுமனே முறுக்கி டேப் சுற்றி, அப்படியே பூசி மூடியிருந்த ஒரு முடிச்சு கிடைத்தது. டேப் கரிந்து, சுற்றியிருந்த சுண்ணாம்பு காவிநிறமாகியிருந்தது. எங்கள் சுவருக்குள் அது எத்தனை ஆண்டுகளாகச் சூடேறிக்கொண்டிருந்தது என்று நினைத்தபோது அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

வெப்பத்தடுப்புக்கும் வயருக்கும் என்ன தொடர்பு என்பதை அந்தப் பணியாளர் பொறுமையாக விளக்கினார். அதை இங்கே சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். மின்சாரம் ஓடும் வயர் எதுவும் கொஞ்சம் சூடாகும், அந்தச் சூடு சுற்றியுள்ள காற்றுக்கும் சுவருக்கும் போய்விடுவதால்தான் உறை உருகாமல் இருக்கிறது. சாதாரண பிவிசி உறை தாங்கும் அளவு 70 டிகிரி. வீட்டு வெப்பத்தைத் தடுக்க நாம் வைக்கும் பஞ்சோ தெர்மாகோலோ, வயரின் சூட்டையும் வெளியேற விடாமல் தடுக்கும். அரை மீட்டர் நீளத்துக்கு மேல் நான்கு பக்கமும் வெப்பத்தடுப்புப் பொருளால் சூழப்பட்ட வயர் சுமக்கக்கூடிய மின்னோட்டத்தைப் பாதியாகத்தான் கொள்ள வேண்டும் என்று பிரிட்டனின் வயரிங் விதிகள் கூறுகின்றன. ஒன்றரை டன் ஏசி ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். அதை மேற்சொன்ன அலுமினிய முடிச்சின் வழியே, தெர்மாகோலுக்கு அடியில், மே மாதத்துச் சுவருக்குள் இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இன்னொன்றும் சொன்னார், அது எனக்கு முற்றிலும் புதியது: தெர்மாகோல் பிவிசி உறையைத் தொட்டுக்கொண்டிருந்தால், உறையை நெகிழ்வாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற சேர்மம் மெல்ல மெல்லத் தெர்மாகோலுக்குள் இறங்கிவிடும், சில ஆண்டுகளில் உறை விறைத்து வெடிக்கும்.

வயர் உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கிறதா என்று அளக்கும் மெகர் கருவியை வைத்து 500 வோல்ட்டில் சோதித்தபோது, குறைந்தது ஒரு மெகா ஓம் காட்ட வேண்டிய மேற்குச் சுவர் மின்சுற்று 0.2-ஐத் தாண்டவில்லை. அந்த அறைக்கு எர்த் வயரே வரவில்லை. கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டில் எங்குமே இல்லை. ஃபியூஸ் கட்டையில் ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்பு இழை முறுக்கியிருந்தது. இந்தச் சுவரில்தான் முதலாமவர் இரும்பு ஃபிரேம் அடித்து, நூறு இடங்களில் திருகாணி இறக்கப் போயிருந்தார். ஆஸ்திரேலியாவில் 2009-10-ல் அரசின் மானியத்தோடு வீடுகளுக்கு அவசர அவசரமாக வெப்பத்தடுப்புச் செய்தபோது நான்கு இளம் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் மூவர் இறந்தது கூரைக்குள் மின்சாரம் தாக்கி. அதை விசாரிக்க அந்நாடு ஒரு ராயல் கமிஷனையே அமைத்தது. அந்தச் செய்தியைப் பின்னர் படித்தபோது, நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் பையனும் யாரோ ஒரு தாயின் பிள்ளை என்ற எண்ணம்தான் எனக்கு முதலில் வந்தது. பழைய சுவரில் திருகாணி இறக்கச் சொல்வதற்கு முன் அந்தச் சுற்றில் மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது வீட்டுக்காரரின் கடமையும்கூட.

அடுத்தது ஈரம். எங்கள் வீட்டில் தாத்தா நெய்த குழித்தறி மேற்கு அறையில்தான் இருந்தது. தறியை எடுத்த பின் குழியை மண்ணும் உடைகல்லும் போட்டு மூடி, சிவப்பு ஆக்சைடு தரை போட்டிருந்தோம். 1990-களில் அப்பா, பொரிந்த சுண்ணாம்புக் காரையைக் கொத்தியெடுத்துவிட்டு, நான்கடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசினார். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான், நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் சுண்ணாம்புச் சுவர் மண்ணிலிருந்து உறிஞ்சும் ஈரத்தைத் தன் மேற்பரப்பு வழியாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும் தன்மையுடையது. அதைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் வேறு வழி தேடி மேலே ஏறும். எங்கள் சுவரில் உப்பு பூத்திருந்த கோடு சிமெண்டுப் பூச்சு முடியும் இடத்துக்குச் சரியாக அரையடி மேலே ஓடியது. பொறியாளர் ஈரமானியை வைத்துப் பார்த்ததோடு நிற்காமல், ஓரடிச் சதுரத்துக்கு ஒரு பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் பதித்துவிட்டுப் போனார். மறுநாள் காலை தாளின் உட்புறம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. அறையைப் பார்த்த பக்கம் நீர் கோத்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். சுவரைப் பார்த்த பக்கம் என்றால் ஈரம் சுவரிலிருந்தே வருகிறது. பத்து ரூபாய்த் தாளில் எவரும் தம் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

இந்த ஈரத்தின்மேல் அட்டை ஒட்டி மூடினால் பூஞ்சணம் வளரும், உத்திரங்கள் சுவருக்குள் இறங்கும் முனைகள் உளுத்துப்போகும், கரையான் கண்ணில் படாமல் ஏறுவதற்குப் பாதை கிடைக்கும். ஏசி அறையில் இன்னும் மோசம், ஏனென்றால் குளிர்ந்த பரப்பில் வெளிக்காற்றின் ஈரம் வந்து நீராகப் படியும், அது உலரவும் வழியிருக்காது. ஏற்காட்டில் பழைய கல்வீடுகள் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே பிரச்சினை குளிரும் மூடுபனியும். உட்புறம் வெப்பத்தடுப்புச் செய்தால் கல்சுவர் முன்பைவிடக் குளிர்ந்து, அறையின் ஈரக்காற்று அட்டைக்குப் பின்னால் போய் நீராகிவிடும். அடிப்படை ஒன்றே, திசைதான் வேறு.

அந்தச் சுவரில் மார்பளவு உயரத்துக்குப் பச்சை எண்ணெய்ப் பெயிண்ட் அடித்திருந்தது. சோதனைக் குச்சியைத் தேய்த்ததும் அதன் முனை சிவந்தது. பெயிண்டில் ஈயம் இருந்தது. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் சேர்க்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, ஆகவே அதற்கு முன் அடித்த எந்த எண்ணெய்ப் பெயிண்டையும் சந்தேகத்தோடு அணுகுவதே நல்லது. உலர்வாகத் தேய்த்தாலோ மெஷின் வைத்து உராய்த்தாலோ அந்தத் தூள் வீடெங்கும் படியும். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு அது பெருங்கேடு. என் தங்கை மகளுக்கு அப்போது இரண்டு வயது. நீர் தெளித்துச் சுரண்டி, கழிவை மூட்டை கட்டி எடுக்கும்வரை குழந்தையை இந்தப் பக்கம் அழைத்து வராதீர்கள் என்று எழுதியே கொடுத்தார்கள்.

பின்கட்டுச் சார்ப்பின் ஷீட் ஆஸ்பெஸ்டாஸ். உடையாமல், அசையாமல் இருக்கும்வரை அதனால் வரும் ஆபத்து குறைவு. துளையிட்டாலோ வெட்டினாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கும், விளைவு பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரியும். முதல் ஒப்பந்ததாரரின் திட்டப்படி ஃபிரேமின் ஒரு முனையை அந்த ஷீட் சுவரைச் சந்திக்கும் இடத்தில்தான் துளையிட்டுப் பிடிக்க வேண்டும். இவர்கள் அந்த ஓரத்தை அறவே தொடாமல் அளவை மாற்றிக்கொண்டார்கள்.

பொருளைப் பற்றிய பேச்சில்தான் எனக்கு அதிகத் தெளிவு கிடைத்தது. எங்கள் வீட்டில் இன்றும் பாவும் ஊடையும் பட்டு நூலுமாக எரியக்கூடிய சரக்கு எப்போதும் இருக்கும். இருபுறமும் அண்டை வீட்டாரோடு பொதுச்சுவர். பின்வாசலில், வாளித் தண்ணீரை அருகில் வைத்துக்கொண்டு, பொறியாளர் விரலளவு தெர்மாகோல் துண்டையும் அதே அளவு ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) துண்டையும் குறட்டால் பிடித்துத் தீ காட்டினார். தெர்மாகோல் சுருங்கி, எரியும் துளிகளாகச் சொட்டி, கரும்புகை விட்டது. ராக்வூல் தீ படும் இடத்தில் சிவந்து, தீயை எடுத்ததும் அணைந்து, வடிவம் மாறாமல் நின்றது. லண்டனில் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் குடியிருப்பில் 2017 ஜூனில் 72 பேர் இறந்த தீ, வெளிச்சுவரில் பொருத்திய எரியும் தன்மையுள்ள உறைப்பலகைகள் வழியாகவே மாடி மாடியாக ஏறியது. அது வெளிச்சுவர், இருபதுக்கும் மேற்பட்ட மாடிகள். நம்முடையது ஒற்றை அறை. ஆனாலும் அம்மா தூங்கும் கட்டிலுக்கு ஒரு முழ தூரத்தில் எதை வைக்கிறோம் என்பதில் மாடிக்கணக்குப் பார்க்க முடியாது. தெர்மாகோலைவிட ராக்வூல் விலை கூடுதல், அதைக் கையாளும்போது தோல் அரிக்கும், முகக்கவசமும் கையுறையும் வேண்டும்; இருந்தும் அதையே தேர்ந்தெடுத்தோம்.

ஏசிக்காக வெண்டிலேட்டர்களை அடைக்கும் யோசனையையும் அவர்கள் தடுத்தார்கள். அம்மா அறையை ஒட்டிய குளியலறையில் கேஸ் கீசர் இருக்கிறது. காற்று வராத இடத்தில் அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தலைசுற்றல் என்று நினைத்துக்கொண்டே ஆள் சாய்ந்துவிடுவார். கீசரைக் கழற்றி மின் கீசர் வைத்த பிறகுதான் அந்த அறையை மூட ஒப்புக்கொண்டார்கள்.

அவர்களுடைய பரிந்துரையின் முதல் வரியே, இப்போது வெப்பத்தடுப்பு வேண்டாம் என்பதுதான். வேலை கொடுக்கக் காத்திருக்கும் வீட்டுக்காரரிடம் இப்படி எழுதிக் கொடுப்பதற்குத் தொழில்மேல் மரியாதை இருக்க வேண்டும். வயரிங் முழுவதையும் மாற்றி எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபியும் வைப்பது, சிமெண்டுப் பூச்சைக் கொத்தியெடுத்துச் சுண்ணாம்புக் காரை பூசுவது, சந்துப்பக்கம் ஒழுகிய தண்ணீர்க் குழாயைச் சரிசெய்வது, அதன்பின் சுவர் உலரக் காத்திருப்பது என்று வரிசை கொடுத்தார்கள். ஓர் அங்குலம் உலர ஒரு மாதம் என்பது அவர்கள் சொன்ன தோராயக் கணக்கு. ஓராண்டு காத்திருந்தோம். சென்ற கோடையில் அம்மாவை நடுக்கூடத்தில் படுக்க வைத்து, மேற்குச் சுவருக்கு வெளியே தென்னங்கீற்றுத் தட்டி கட்டி நிழல் கொடுத்தோம். அந்தத் தட்டியே பாதி வேலையைச் செய்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். சுவரை மூடும் செலவுக்குப் போவதற்கு முன், வெளிநிழலையும் தளத்தின்மேல் வெள்ளைப் பூச்சையும் செய்து பாருங்கள் என்பது அவர்களே சொன்னது.

இந்த ஆண்டு மாசியில், ஈரமானி திருப்தி தந்த பிறகே, இரண்டு அங்குல ராக்வூல் வைத்துப் பலகை அடித்தார்கள். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தை மூடாமல் விட்டார்கள், சுவர் மூச்சுவிடுவதற்கும் நாம் கண்ணால் பார்ப்பதற்கும். வயர் ஒன்றுகூடப் பஞ்சுக்குள் போகவில்லை. எல்லாம் பலகைக்கு வெளியே பிவிசி பட்டிக்குள் ஓடுகிறது. பார்வைக்கு அழகில்லை என்று தங்கை சொன்னாள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் நிம்மதியாக இருக்கிறது. இந்த மே மாதம் இரவு பதினொரு மணிக்கு வெப்பமானி பலகையின்மேல் 33 டிகிரி காட்டியது. தட்டி கட்டுவதற்கு முன் அதே நேரத்தில் வெறும் சுவர் 38 காட்டியிருந்தது.

குறைகளுக்கு வருகிறேன். அறிக்கை சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் கழித்து வந்தது, அதுவும் முழுக்க ஆங்கிலத்தில். அம்மாவுக்கு நான் வரிவரியாகச் சொல்ல வேண்டியிருந்தது. முதியவர்கள் வாழும் பழைய வீடுகளுக்குச் சேவை செய்பவர்கள் தமிழில் அறிக்கை தருவது உபகாரம் அல்ல, பாதுகாப்பின் பகுதி. பீரோவுக்குப் பின்னால் இருந்த மூலையை நாங்கள் கேட்ட பிறகுதான் பார்த்தார்கள். அங்கே கரையான் தடம் இருந்தது. எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது, ராக்வூல் வெட்டிய முதல் நாள் உதவியாளருக்கு முகக்கவசம் கொண்டுவராதது. பொறியாளர் அணிந்திருந்தார், அந்தப் பையன் துண்டை முகத்தில் கட்டியிருந்தான். நான் வேலையை நிறுத்தச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டு, ஒரு மணி நேரத்தில் வாங்கி வந்தார்கள். ஆய்வில் இவ்வளவு அக்கறை காட்டியவர்கள் இதில் தவறியதை எளிதாக விட மனம் வரவில்லை, அதனால் ஐந்தில் நான்குதான் தருகிறேன்.

ஐப்பசி மழை முடிந்ததும் மறுபடி வந்து, திறந்துவிட்ட அந்த ஒன்றரை அடியில் ஈரம் அளந்து தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள், அதற்குத் தனிக்கட்டணம் இல்லை. அளவு என்ன வந்தது என்பதை அப்போது இதன் கீழே சேர்க்கிறேன்.